சுடாத கால்

1983ஆம் வருஷம், சித்திரை மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்கே திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் தார் ரோடு இளகிப் பளபளத்தது. மலையைச் சுற்றி வந்தவர்கள் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி மர நிழலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு மனிதர் மட்டும் நட்ட நடு ரோட்டில், நனைந்த வரப்பில் நடப்பது போல நிதானமாக நடந்து வந்தார்.

அவர் பெயர் சகாதேவன். வயது நாற்பத்தெட்டு. டவுனில் மல்லாட்டை மண்டி ஒன்றில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு மேஸ்திரி.

“இன்னாண்ணே, உனக்குச் சுடலையா?” என்று கேட்டான் நிழலில் நின்றிருந்த பூக்கடைத் தருமன்.

“எங்க சுடுது? மெத்தை மேல நடக்கற மாதிரி இருக்குது.”

தருமன் அவர் முகத்தைப் பார்த்தான். காலைப் பார்த்தான். மறுகணம், “அண்ணாமலையாரே!” என்று அலறிக்கொண்டு அந்தக் கொதிக்கும் ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டான். விழுந்த வேகத்தில் சூடு தாங்காமல் எழுந்தும் விட்டான். ஆனால் அதற்குள் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். நாலு பேர் நாற்பது பேரானார்கள். நெருப்பு சுடாத மனிதர்! சகாதேவன் பேகோபுரத் தெருவிலிருந்த தன் வீட்டை எட்டுவதற்கு முன்பே அந்தச் செய்தி அவர் வீட்டு வாசலை எட்டிவிட்டது.

அவர் மனைவி பச்சையம்மாளுக்கு மட்டும் அது தெரியாது. அந்த நேரத்தில் அவள் செங்கம் ரோட்டில், டாக்டர் சக்கரபாணியின் கிளினிக்கில், ஸ்பிரிட் விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண் அவள். படித்தது ஐந்தாம் வகுப்பு. 1972இல் கிளினிக்கில் ஆயாவாகச் சேர்ந்தாள். கூட்டிப் பெருக்க வந்தவளின் கை நிதானத்தைப் பார்த்து டாக்டர் வேறு வேலை கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்துத் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். அதில் நோயாளியின் சிறுநீரை எட்டுச் சொட்டு விட வேண்டும். விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் ஜாஸ்தி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் ஆபத்து.

சேர்ந்த புதிதில் ஒரு குழாய் சிவந்தால் டாக்டரே எழுந்து வந்து பார்ப்பார். அவ்வளவு அபூர்வம். அந்தச் சிவப்பும் ஒரு வக்கீலுடையதாகவோ பெரிய கடை முதலாளியுடையதாகவோ இருக்கும். எட்டு வருஷத்தில் எல்லாம் மாறிவிட்டது. ஒரே காலையில் நாலு குழாய் சிவந்தது. பஸ் டிரைவர், டெய்லர், பள்ளிக்கூட வாத்தியார், கிணற்றுக்கு மோட்டார் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்த ரெட்டியார்!

“பணக்கார வியாதின்னு படிச்சுட்டு வந்தேன்” என்றார் டாக்டர் ஒரு நாள். “மெட்ராஸ்ல இருக்கற சிநேகிதன் எழுதறான், டில்லில இருக்கறவன் எழுதறான், எல்லா ஊர்லயும் இதே கதைதான். நாடே நாற்காலில உக்காந்துடுச்சு பச்சையம்மா. ஏர் புடிச்ச உடம்புக்குப் போட்ட சோத்தை உக்காந்த உடம்புக்கும் போடறோம். பிரஷரு, சுகரு எல்லாம் ஒண்ணா வருது.”

அன்று மாலை வீட்டுக்குப் போனவளுக்குக் கணவனின் தொப்பை கண்ணில் பட்டது.

அந்தத் தொப்பைதான் அவளுடைய பெருமை! சிறு வயதில் பொங்கலுக்கும் தீபத்துக்கும் மட்டுமே அரிசிச் சோறு பார்த்தவள் அவள். கல்யாணமாகி வந்த அன்றைக்கே மனதுக்குள் சபதம் போட்டாள், தன் அடுப்பில் இனிமேல் களி கிண்டுவதில்லை என்று. சகாதேவன் அடி அண்ணாமலை நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு மண்டிக்கு வேலைக்கு வந்த பிறகு மூன்று வேளையும் வெள்ளை வெளேரென்று சோறு. மண்டியில் நாற்காலியும், மணிக்கு ஒரு தரம் இரட்டைச் சர்க்கரை போட்ட டீயும். ஆள் பெருக்கப் பெருக்க, “பச்சை கைக்கு ராசிடி” என்று தெருப் பெண்கள் சொல்லச் சொல்ல, அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் கணவனுடைய சோதனையை அவளே செய்தாள். குழாய் சிவந்தது. ஆசை ஆசையாய்ப் பரிமாறிய கையே அவருக்கு எமனாகிவிட்டதா? குழாயை வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

“நாளையிலேர்ந்து எங்க வூட்ல களிதாங்க டாக்டர்” என்றாள் விம்மிக்கொண்டே.

“களியும் மாவுதான்மா. உருண்டை எவ்ளோ பெருசுன்னு பாரு. எதைத் துன்னாலும் கம்மி பண்ணு. மாத்திரையை விடாதே. முக்கியமா, அவரை நடக்கச் சொல்லு.”

சகாதேவன் நடந்தார். திருவண்ணாமலையில் ஒருவனை நட என்றால் எங்கே நடப்பான்? தினமும் காலையில் தேரடி வரைக்கும், சர்க்கரை இறங்க வேண்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை தவறாமல் மலையைச் சுற்றியும் நடந்தார். இரண்டு வருஷத்தில் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. பச்சையம்மாள் தலை நிமிர்ந்தாள். ஆனால் நிறம் இறங்கியதும் சகாதேவனுக்குத் தைரியம் ஏறியது. “மலை இருக்கறப்போ மாத்திரை எதுக்கு?” என்று போன கார்த்திகையோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். அவளிடம் சொல்லவில்லை; சோதனையையும் பொய்ச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த பச்சையம்மாள் வாசலிலேயே திகைத்து நின்றாள். தெருவே கூடியிருந்தது. நடுவில் நாற்காலி போட்டு சகாதேவன் அமர்ந்திருந்தார். எதிர்வீட்டுக் காசியம்மாள் தாம்பாளத்தில் அவர் காலை வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வாடி பச்சை! ஊரெல்லாம் பேசுது, நீ இன்னா இவ்ளோ சாவகாசமா வர? உன் வூட்டுக்காரருக்கு நெருப்பு சுடலியாம்டி!”

“சுடலியா?”

“நம்பலன்னா தருமனைக் கேளு. ரோட்ல அப்பளம் பொரிக்கலாம், அண்ணன் மாப்பிள்ளை மாதிரி நடந்து வராரு!”

எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மாள் சிரிக்கவில்லை. சுடவில்லை. அந்தச் சொல்லை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். கிளினிக் பெஞ்சில், காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்த டெய்லர் சொன்ன சொல் அது. “அடுப்புத் தணல் மேல காலை வச்சிருக்கேன்மா, எனக்குச் சுடவே இல்ல.” அந்த டெய்லருக்கு முழங்காலுக்குக் கீழே இன்றைக்குக் கால் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

“பாத்தீங்களா, கட்டின பொண்டாட்டியே கால்ல வுழறா” என்றான் தருமன்.

சகாதேவன் அவளைக் கவனிக்கவில்லை. “போன வாரமே ஒரு மாதிரி இருந்துச்சு. தரையே தெரியல. அண்ணாமலையாரே தூக்கிட்டுப் போறாருன்னு தோணுச்சு…” என்று கண்களில் நீர் மல்கக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் உள்ளங்காலைத் திருப்பினாள். ஐயோ! சுண்டு விரலுக்குக் கீழே தோல் வெந்து, கண்ணாடி போல் நீர் கோத்திருந்தது. அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி. கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். தருமன் கொண்டுவந்த கற்பூரத்தைக் கொளுத்தி அதில் ஊசியைக் காட்டினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரும்புள்ளியை நெம்பினாள். வந்தது ஒரு வேலிக்காத்தான் முள். அரை விரல் நீளம். பின்னாலேயே சீழ் பொங்கி மஞ்சள் தண்ணீரில் விழுந்தது.

சகாதேவன் பேசிக்கொண்டே இருந்தார். “…அப்படியே பஞ்சு மாதிரி…”

கூட்டம் அடங்கிவிட்டதை உணர்ந்துதான் அவர் குனிந்தார்.

“இன்னா அது?”

“உங்க கால்ல இருந்ததுங்க. இப்ப நான் புடுங்கனது.” அவள் முள்ளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “ஒரு வாரமா இதும்மேல நடந்திருக்கீங்க. அருள் இல்லீங்க இது. கால் மரத்துப் பூடுச்சு. நரம்பைச் சக்கரை துன்னுடுச்சு!”

“வாயை மூடு!” என்று சீறினார் சகாதேவன். “அவரு குடுத்ததைச் சீக்குன்றியா?”

“சீக்குன்னுதான் சொல்லுவேன். பாவம்னா எனக்கு வரட்டும். உங்க கால் எனக்கு வேணும்!”

அவள் ஜட்கா பிடித்து, அவர் திட்டத் திட்டக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் புண்ணைக் கழுவிக் கட்டினார். மாத்திரை நின்ற கதை வெளியே வந்தது. அப்போது வைத்த சோதனையில் குழாய் மறுபடியும் சிவந்தது. ஊசி போட்டே தீரவேண்டும் என்றார்.

“சீழ் கணுக்காலைத் தாண்டலை. அதுவரைக்கும் நல்லது. காயம் ஆறுற வரைக்கும் இந்தக் கால் தரையில படக்கூடாது சகாதேவன். பட்டுதுன்னா வேலூருக்கு அனுப்பிடுவேன். அங்க போனா எவ்ளோ காலோட திரும்பி வருவீங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தருமனும் நாலைந்து பேரும் மாலையோடு வாசலில் வந்து நின்றபோது, கட்டுப்போட்ட காலை ஊன்றி எழுந்துவிட்டார் சகாதேவன்.

“ஜனங்க காத்துனு இருக்காங்க பச்சை. வேண்டுதலை நடுவுல உடக்கூடாது.”

பச்சையம்மாள் வாசற்படியில் குறுக்கே நின்றாள். “செருப்பு போட்டுக்கினு, புண்ணு ஆறினதும் போங்க.”

“செருப்போட மலையைச் சுத்தறதா? உனக்குப் பைத்தியமா?”

“அப்ப வேண்டுதலை நான் நடக்கறேன்.”

“நல்லா இருக்குதே!” என்று எதிர்வீட்டிலிருந்து காசியம்மாள் குரல் கொடுத்தாள். “பொம்பளை நடந்தா ஆம்பளை வேண்டுதல் தீந்துடுமா?”

“அம்மி மிதிக்கறப்போ என் காலை அவருதானக்கா புடிச்சாரு? அவரு காலை இப்ப நான் புடிக்கறேன். சாமிக்கு அது தெரியும். நீ அவருக்கு டீ குடுக்காம இருந்தா போதும்!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் தெருக்கோடியைத் தாண்டியிருந்தாள்.

பதினோரு மணிக்குத் திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் சிவந்து கொப்புளித்திருந்தன. சகாதேவன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சுட்டுச்சா?”

“உயிரே போச்சுங்க. ஈசான்ய லிங்கத்தாண்ட நிக்கக்கூட முடியல. ஓடிப்போய் ஒரு புளிய மரத்தடில நின்னுட்டேன்.”

“நின்னுட்டியா?”

“சுட்டா நிக்கத்தான வேணும்? அதனாலதான் தோலோட போச்சு.”

அவர் மெல்ல நகர்ந்து வந்து, கை நீட்டி அவள் பாதத்தைத் தொட்டார். அவள் “ஸ்…” என்று காலை இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு ‘ஸ்’தான்! ஊரெல்லாம் சேர்ந்து போட்ட மாலையை அது அறுத்துப் போட்டது. தன் கட்டுப்போட்ட காலை அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். இன்னும் அழுத்தினார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது.

“எனக்கும் சுட்டிருக்கணும் பச்சை. என்னையும் நிக்கச் சொல்லியிருக்கணும்.”

“இனிமே நான் சொல்றேங்க” என்றாள் அவள். “உங்க காலுக்கு நான் சொல்றேன்.”

அன்றிலிருந்து ஊசிக்கு அவரே கையை நீட்டினார். பத்துச் செவ்வாய்க்கிழமை அவள் நடந்தாள். இரண்டாவது வாரத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி, வெய்யில் ஏறுமுன் திரும்பினாள். வேண்டுதலுக்கு வெய்யில் கட்டாயமில்லை என்பது அவளுடைய தீர்மானம். அவருடைய சுண்டு விரலை மட்டும் எடுக்கவேண்டி வந்தது. கால் தப்பியது.

ஆடி முதல் செவ்வாய்க்கிழமை சகாதேவன் மறுபடியும் மலையைச் சுற்றக் கிளம்பினார். காலில் கனத்த ரப்பர் செருப்பு. பக்கத்தில் வெறுங்காலோடு பச்சையம்மாள். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் செருப்பைக் கழற்றி, அவள் விரித்த துணிமேல் நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

அடி அண்ணாமலை டீக்கடையில் கேலிக்குரல் எழுந்தது. “இன்னாப்பா, நெருப்பு சாமி செருப்பு போட்டுக்கினு வருது!”

சகாதேவன் நின்றார். முகம் சிவக்கவில்லை. “சாமி எல்லாம் இல்லப்பா. எனக்குச் சக்கரை வியாதி. கால் மரத்துப் பூடுச்சு. ஒரு விரலு போச்சு, மிச்சத்தை என் பொண்டாட்டி காப்பாத்தினா. அதான் செருப்பு.”

அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! கேலி செய்தவன் டம்ளருக்குள் பார்வையை இறக்கினான்.

அவர்கள் நூறடி நடந்திருப்பார்கள். பின்னாலிருந்து யாரோ வேகமாக வரும் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டை போட்ட ஒரு லாரி டிரைவர். நாற்பது வயது இருக்கும். நல்ல பருமன்.

“யக்கா, ஒரு நிமிசம்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “நடக்கறப்போ என் செருப்பு கழண்டு பூடுதுக்கா. கழண்டது எனக்குத் தெரியறதே இல்ல. ஆறு மாசமா. யார்கிட்டயும் சொல்லல.”

பச்சையம்மாள் ரோட்டோரத்து மதகைக் காட்டினாள். “உக்காருப்பா. கண்ணை மூடிக்கோ. நான் எந்த விரலைத் தொடறேன்னு சொல்லு.”

அவன் தயங்கிச் சகாதேவனைப் பார்த்தான்.

“வெக்கப்படாத, மூடு” என்றார் சகாதேவன். “தெரியலன்னா தெரியலன்னே சொல்லு. நான் பொய் சொன்னதாலதான் ஒரு விரலு போச்சு.”

டிரைவர் கண்களை மூடினான். பச்சையம்மாள் குனிந்து அவனுடைய பெருவிரலைத் தொட்டாள்.