சந்தனம் வைத்த மெஷின்

எங்கள் வீட்டில் மோட்டார் வைத்த சாமான்கள் மொத்தம் ஒன்பது. எட்டு, எல்லா வீடுகளிலும் இருப்பவைதான். ஒன்பதாவது, என் நெஞ்சை உலுக்கும் மெஷின்.

பிறந்ததிலிருந்தே என் நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகிவிடும். தானாக வெளியே வராது. அதற்காக ஒரு கோட்டு. இரண்டு குழாய்கள் அதை ஒரு பெட்டியோடு இணைக்கும். பெட்டி விட்டுவிட்டுக் காற்றை அடிக்க, கோட்டு உப்பி நடுங்கும். உள்ளே நானும் நடுங்குவேன். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. பிறகு இருமித் துப்ப வேண்டும்.

அப்பா திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். டாக்டர் விளக்கி முடிப்பதற்குள், "நம்ம கம்ப்ரஸர் மாதிரிங்களா?" என்று கேட்டுவிட்டார். குழிக்குள் காற்றை அடித்துப் பாறைத்தூளை மேலே கொண்டுவருவதுதானே அவர் தொழில். அன்றிலிருந்து நான் இருமி முடித்ததும், "தூள் வந்துச்சா சாமி?" என்பார்.

"புள்ள நெஞ்சு என்ன போர்க்குழிங்களா?" என்பாள் அம்மா.

மெஷின் ஓடும்போது டி.வி. சத்தம் கேட்காது. பேசினால் குரல் ஆட்டுக்குட்டிபோல் வரும். தெருப்பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு, எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சொல்லித் தொலைப்பேன்.

என் ஒன்பது வயதில் வந்த ஆயுத பூஜையில்தான் எனக்கு வழி தெரிந்தது. பூஜையில் சூடம் காட்டிவிட்டால், மறுநாள் நல்ல நேரம் வரும்வரை எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது. இதில் அப்பா கறார். அப்படி ஓட்டிய ஒருவரின் விரல் போனதைக் கண்ணால் பார்த்தவர்.

நான் கணக்குப் போட்டேன். அன்று மாலை ஒரு வேளை, மறுநாள் காலை ஒரு வேளை. மொத்தம் ஒரு மணி நேரம் லாபம்.

எல்லாரும் தெருவில் வண்டிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தபோது, மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் நடுவில் என் பெட்டியை நகர்த்தி வைத்தேன். பெட்டிக்கு மூன்று பொட்டு, கோட்டுக்கு ஒன்று. அதன்மேல் ஒரு கைப்பிடி பொரி. அப்பா பாதிக் கண்ணை மூடியபடி வரிசை முழுக்கச் சூடம் காட்டினார். திறந்தபோதுதான் பார்த்தார்.

"இத ஆரு வெச்சது?"

"நாந்தானுங்கப்பா. அதுவும் மெஷின்தானுங்களே?"

"புள்ள சொல்றதும் ஞாயந்தானுங்கண்ணா," என்றார் சித்தப்பா. "அதுவுந்தான் தெனம் ஒழைக்குது."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆசுபத்திரில இருந்து வந்து நாலு நாளுதான் ஆகுது. ஒருவேள கூட உடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லீங்க? எடுத்துப் போடுங்க."

"சூடம் காட்டியாச்சு புள்ள," என்றார் அப்பா அம்மாவிடம்.

"அப்பச் சளிக்கும் ஒரு சூடத்தக் காட்டி, நாளைக்குக் காத்தால வரைக்கும் சும்மா இருன்னு சொல்லுங்க."

மெஷினுக்குப் பதில் கையால் முதுகில் தட்டலாம் என்று முடிவானது. சித்தப்பா தட்டினார். லாரி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற தட்டு அது. பிறகு அப்பா, கையைக் குழித்து, வியர்க்க வியர்க்கத் தட்டினார். எனக்கு இருமல் வந்தது, சளி வரவில்லை. இருமல் நிற்கவும் இல்லை. மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. லாபக் கணக்கு எனக்கே மறந்துபோனது.

அப்பா எழுந்தார். வரிசையிலிருந்து பெட்டியை எடுத்தார். பொட்டோடு கோட்டை எனக்கு மாட்டினார். கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொன்னார். வலது கையால் சுவிட்சைத் தட்டினார்.

கோட்டின் மடிப்புகளில் ஒட்டியிருந்த பொரி நாலாபக்கமும் தெறித்தது. சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆட்டுக்குட்டிக் குரலில் நானும் சிரித்தேன். அப்பா மட்டும் பெட்டியின்மேல் கையை வைத்தபடி அரை மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் பாதியில் நிறுத்திவிடாமலிருக்கக் காவல் என்று நினைத்தேன்.

முடிந்ததும் கேட்டார். "தூள் வந்துச்சா சாமி?"

"நெறைய வந்துச்சுங்கப்பா."

மறுநாள் காலை, ரிக் வண்டியின் டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதல் சாவி போட்டு வண்டியை அதன்மேல் ஏற்றுவது எப்போதும் அப்பாதான். அன்று சாவியைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"ஏனுங்கண்ணா?"

"என்ற கை இந்த வருசம் வேண்டாந் தம்பி. நீயே எடு."

முந்தின மாலை என் முதுகில் அவ்வளவு நேரம் தட்டியது அவர்தானே. வலிக்கத்தான் செய்யும். உள்ளே ஓடி, அம்மாவின் தைலத்தை எடுத்துவந்து, அவருடைய வலது கையில் தேய்த்துவிட்டேன். அப்பா கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சரியாப் போச்சுங்களாப்பா?"

"போச்சு சாமி."

ஆனாலும் அந்த வருஷம் முழுக்க, எந்த ஊருக்குப் போர் போடப் போனாலும் முதல் சாவியைச் சித்தப்பாதான் போட்டார். தைலம் பழசாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.