பாய்மரத்தில் கட்டிய இட்லிப் பானை

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலம் ஓய்ந்திருந்த நேரம், கொச்சியில் நடந்தது இது. திருப்பூர் ராயபுரத்தில் நாங்கள் சின்னதாய் ஒரு பனியன் யூனிட் நடத்துகிறோம். ஊரில் ஆற்றிலேயே தண்ணீரைத் தேட வேண்டும். என் கணவருக்கோ கடல் பைத்தியம். பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, கொச்சியில் பழைய படகு ஒன்றையும் வாங்கிவிட்டார். எனக்கு நீச்சல் தெரியாது. மழை மறைத்தாலும் எதிரே வரும் கப்பலைக் காட்டுகிற ரேடார் வைத்தால்தான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கே வைப்பது? அதில் ஆரம்பித்தது சண்டை.

"பாய்மரத்து மேல வெச்சா ரொம்ப தூரம் தெரியும் புள்ள" என்றார்.

"ஏனுங்க, நடுக்கடல்ல ரிப்பேரானா ஏறறது யாருங்க? பின்னாடி ஒரு கம்பம் நட்டு, கை எட்டற மாதிரி வையுங்க" என்றேன்.

சாம்பிள் போடாமல் எதையும் தொடாத ஊர் எங்களுடையது. வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லிப் பானையை ரேடாராக நினைத்துப் பாய்மரத்தில் கட்டினோம். படகின் நிஜப் பாய் கிழிசல் தைக்கப் போயிருந்தது. அதனால் யூனிட்டில் மிஞ்சிய பனியன் துணியிலேயே ஒன்று தைத்து ஏற்றினோம். காற்று வந்ததுதான் தாமதம், துணி இழுபட்டுத் தொப்பை போட்டுப் பானையைப் பிடுங்கிவிட்டது. அது அவர் காதோரமாக வந்து டமாரென்று விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று! படகுத்துறை மேஸ்திரி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, நிஜப் பாய் இப்படி இழுபடாது, ரேடாரை மேலேயே வைக்கலாம் என்றார். என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை! நான் அசையவில்லை. கடைசியில் என் கை எட்டும் உயரத்தில் கம்பமே வந்தது.

முதல் பயணத்திலேயே திடீர் மழை. எதுவும் தெரியவில்லை, ரேடார் திரையும் அணைந்தது. அவரால் சுக்கானை விட முடியாது. "ஒயரைப் பாரு புள்ள!" என்று கத்தினார். பின்பக்கம் ஓடி, ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, மறுகையால் கழன்றிருந்த இணைப்பை முறுக்கினேன். திரை மறுபடி ஒளிர்ந்தது. நேர் எதிரே பெரிய புள்ளி! சட்டென்று படகைத் திருப்பினார். மழைக்குள்ளிருந்து ஒரு பெரிய கப்பல் வந்து எங்கள் பக்கத்திலேயே கடந்து போனது. பயத்தில் அலறினேனா, சந்தோஷத்திலா, இன்றும் தெரியவில்லை.

இப்போது யூனிட்டில் எதை மாட்டினாலும் அவர் என்னைக் கூப்பிட்டு, "கை எட்டுதா பாரு புள்ள" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம், இருவரும் உயிரோடு இருக்கிறோம் என்ற பூரிப்பு புதிதாக வந்துவிடுகிறது.