கம்பத்தில் காய்ந்த வேட்டி

நெல்லிக்குப்பத்துக் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, அறுபதுகளில், கிள்ளைக்குக் கிழக்கே ஒரு மணல்திட்டில் வாத்தியார் வேலை கிடைத்தது. ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் கடல். நடுவே முப்பது குடிசை, ஓர் அம்மன் கோயில், நான்.

கடலுக்குப் போன படகு முகத்துவாரம் வழியாகத்தான் திரும்ப வேண்டும். தண்ணீர் அடங்கிவிட்டதாகத் தோன்றினால் பூசாரி அம்மனிடம் பூ கேட்பார். வலப்பக்கம் விழுந்தால் கோயில் முன்னால் இருந்த சவுக்குக் கம்பத்தில் வெள்ளைத் துணி ஏறும். அது ஏறாதவரை படகு வெளியிலேயே நிற்கும்.

ஆறு மாதம் பார்த்தும் எனக்கு அது ஏதோ சாமி சமாச்சாரம். படித்த திமிர். ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் லேசாக வெயில் வந்ததும், காற்று நன்றாக அடிக்கிறதே என்று ஈர வேட்டியை அந்தக் கம்பத்தில் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று விடியுமுன் ஒரே ஒரு படகு போயிருந்தது. எனக்குச் சோறு போட்ட அக்காவின் புருஷன் படகு. அவரை மாமா என்பேன்.

வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தபோது பிள்ளைகள் எழுந்து கரைக்கு ஓடினார்கள். படகு நேராக முகத்துவாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. வெள்ளம் அதைப் புரட்டிப் போட்டது. கூடப் போன இருவர் நீந்தி ஏறினார்கள். மாமா வரவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோயிலுக்கு ஓடினேன். பூசாரி வேட்டியை இறக்கிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"வாயத் தொறக்காதீங்க வாத்தியாரே. தெரிஞ்சா ஒங்கள உயிரோட உட மாட்டாங்க."

துணியைப் பார்த்துத்தான் வந்தோம் என்றார்கள் தப்பியவர்கள். ஊரே பூசாரியைச் சுற்றி நின்றது. அக்கா மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மன் பூ குடுத்தாளா?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "குடுத்தா" என்றார்.

நான் பேசவில்லை. பயம், வேறென்ன.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றியவள் அக்கா. அதற்குப் பிறகு கோயில் பக்கமே போகவில்லை. எனக்குச் சோறு போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒருநாள் குழம்பு ஊற்றும்போது அவளாகச் சொன்னாள்.

"அம்மனே பொய் சொல்லிட்டா தம்பி. இனிமே யார நம்புறது? நீங்க சாப்புடுங்க."

நான் சாப்பிட்டேன்.