நாய் குறுக்கே வரவில்லை

2004-ஆம் வருடம். அப்போது நான் பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே சந்தாபுராவில் வாடகை வீடு. மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள். திருப்பத்தூரிலிருந்து பிழைக்க வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை நான் போயிருந்த அதிகபட்ச தூரம் திருப்பதி.

அந்த வருடம்தான், மோட்டார் சைக்கிளிலேயே நேபாளம், பூட்டான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளுக்குப் போய்வரத் திட்டமிட்டிருந்த ஒரு குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் ஆறு பேர், ஆறு புல்லட். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் கிளம்புவதாக ஏற்பாடு. வெளிநாடு போவதென்றால் மனிதருக்கு மட்டுமல்ல, வண்டிக்கும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு புத்தகம் வாங்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தொழிற்சாலையில் ஒன்றரை மாத லீவுக்கு எழுதிக் கொடுத்து, மூன்று மேலதிகாரிகளைப் பார்த்து, கடைசியில் சம்பளமில்லா விடுப்பாக வாங்கியிருந்தேன். கேன்டீனில் என்னைப் பார்த்தால் "பூட்டான் வந்துட்டாரு" என்பார்கள். அந்தக் கிண்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழுவின் தலைவர் வங்கி அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர், இரண்டு தடவை லடாக் போய் வந்தவர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். ஆனால் குழுவின் உயிர் அவரல்ல, மெக்கானிக் அண்ணன்தான். ஆஸ்டின் டவுனில் ஒரு சந்துக்குள் சின்னதாக டூவீலர் கடை வைத்திருந்தார். எங்கள் ஆறு வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, கிளட்ச், பிரேக், கேபிள் எல்லாம் புதிதாகப் போட்டுத் திரும்பக் கோத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் கடை வாசலில் உட்கார வைத்து டியூப் மாற்றச் சொல்லிக்கொடுப்பார். நடுக்காட்டில் வண்டி நின்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிய வேண்டும் என்று கண்ணைக் கட்டியே செய்யச் சொல்வார். எங்களைவிடப் பெரியவர் என்றாலும் எல்லோரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பு, தொழிற்சாலையில் பரிசோதனை மேஜை முன் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஏதோ ஆனது. என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. கையில் இருந்த அளவுகோல் கீழே கிடந்தது, பக்கத்து மேஜைக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அரை நிமிடம் கண்ணைத் திறந்தபடி வெறித்துக்கொண்டு நின்றேனாம். கூப்பிட்டதற்குப் பதிலே இல்லையாம். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, தலைக்கு ஸ்கேனும் ஈ.ஈ.ஜி.யும் எடுக்க எழுதிக் கொடுத்தார். ரிசல்ட் வரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் எடுக்கவில்லை. நைட் ஷிஃப்ட் அசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தேன், வீட்டில் சொல்லவில்லை. அடுத்த மாதம் குழுத் தலைவர் எல்லோருக்கும் ஒரு மருத்துவப் படிவம் கொடுத்தார். 'எப்போதாவது நினைவு தப்பியதுண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதினேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, முழுச் சுமையோடு பயிற்சி ஓட்டம் வைத்தோம். பயணத்தில் எப்படிப் போவோமோ அப்படியே, பெட்டி, கூடாரம், பெட்ரோல் கேன் எல்லாம் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்புவது என்று திட்டம். முன்னால் தலைவர், மூன்றாவதாக நான், எனக்குப் பின்னால் சற்று வலது ஓரமாக மெக்கானிக் அண்ணன். சூளகிரி தாண்டிய பிறகு சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் நெடுக ஜல்லி கொட்டி வைத்திருந்தது.

எனக்கு நினைவிருப்பது, முன்னால் போன வண்டியின் பச்சைக் கூடாரப் பை. அடுத்து நினைவிருப்பது, முகத்துக்கு நேராக ஜல்லிக்கல். இடையில் ஒன்றும் இல்லை. நான் வண்டியோடு சரிந்து கிடந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து திரும்பிப் பார்த்தேன். மெக்கானிக் அண்ணன் ஜல்லிக் குவியலின் மேல் கிடந்தார். அவருடைய வண்டி அவர் காலின் மேல் கிடந்தது. என் வண்டி தானாக வேகம் குறைந்து வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, என் மேல் மோதக் கூடாது என்று அவர் ஒடித்துத் திருப்பியிருக்கிறார்.

எல்லோரும் ஓடி வந்து வண்டியைத் தூக்கினோம். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காய்கறி ஏற்றிவந்த ஒரு டெம்போக்காரர், கேட்பதற்கு முன்பே மூட்டைகளை ஓரம் தள்ளி இடம் பண்ணினார். ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தலைவர் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டார்.

"நாய் குறுக்க வந்துடுச்சு சார்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் திறந்தது, நாய் வந்தது. உண்மையைச் சொன்னால் பயணம் போய்விடும் என்பது மட்டும் மனதில் தெளிவாக இருந்தது. படுத்திருந்த மெக்கானிக் அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

காலில் இரண்டு எலும்பு முறிவு. கம்பி வைத்து ஆபரேஷன் ஆனது. அடுத்த வாரம் தலைவர் வீட்டில் கூட்டம் போட்டோம். முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இத்தனை இடைவெளி வேண்டும் என்று எங்களுக்கு ஒரு விதி இருந்தது. மெக்கானிக் அண்ணன் நெருங்கி வந்ததுதான் தவறு என்று பேச்சு அந்தப் பக்கம் போனது. முன்பே ஒருமுறை எச்சரித்ததாக ஒருவர் சொன்னார். "ஹோக்லி பிடி, விட்டுத் தள்ளுங்க, போனது போச்சு. ஆனா டிஸ்டன்ஸ் வச்சிருந்தா இது ஆயிருக்காது" என்று முடித்தார் தலைவர். மெக்கானிக் அண்ணனுக்குப் பதிலாக வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று முடிவானது. நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான் அவரைப் பார்க்க ஆஸ்டின் டவுன் போனேன். சாயங்காலம். கடை இருந்த அதே சந்தில் ஒரே அறை வீடு. கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். அவர் மனைவி ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயா வேலை பார்ப்பவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். வாங்க என்று சொல்லி ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு, டீ வைக்க அடுப்புப் பக்கம் திரும்பினார்.

கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அண்ணன் என் வண்டியைப் பற்றிக் கேட்டார். அதற்கப்புறம் எங்கேயாவது நின்றதா, ஆக்ஸிலேட்டர் சரியாக வருகிறதா, கேபிளை யாராவது பிரித்துப் பார்த்தார்களா என்று. நன்றாகத்தான் ஓடுகிறது என்றேன். அவர் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நான் உங்க வண்டியத்தான் பாத்துக்கினே வந்தேன் சார். பிரேக் லைட் எரியல. நாயும் வரல."

தெரிந்துவிட்டது, கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ படுத்தபடியே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"கேபிள் மாட்டிக்கினு இன்ஜின் கட்டாயிருக்கும். நான் போட்ட கேபிள். அத்த வெளிய சொன்னா என் தொழிலு போயிடும்னுதானே சார், நீங்க நாய்னு சொன்னீங்க? எனக்கோசரம் பொய் சொன்னீங்க. இந்த உதவிய மறக்க மாட்டேன்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி திரும்பினார். "ரெண்டு வாரமா இந்த மனுஷன் தூங்கல சார். கண்ண மூடுனா கேபிளு கேபிளுன்றாரு. மத்த வண்டிங்களுக்கும் அதே கைதானே போட்டுது, பூட்டான் மலையில எவனாவது வுழுந்தா நான் என்னா பண்ணுவேன்னு அழுவுறாரு" என்றார்.

மற்ற வண்டிகளையும் அப்படியே அந்தச் சந்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும், தான் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல யாராவது பிரித்துப் பார்க்க வேண்டும், தலைவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும் என்று அண்ணன் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அந்தக் கைகள் செய்த வேலையின் மேல் அவருக்கே நம்பிக்கை போயிருந்தது. நானோ அவர் எதிரில், அவருடைய நன்றியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, கேபிள்ல ஒண்ணும் இல்ல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தொழிற்சாலையில் நடந்தது, டாக்டர் சொன்னது, படிவத்தில் எழுதியது, சூளகிரியில் என் நினைவில் ஒன்றுமே இல்லாத அந்த இடம், நாய். சொல்லி முடித்தபோது டீ கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை.

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"இப்ப எதுல வந்தீங்க?" என்று கேட்டார்.

"வண்டியிலதான்."

கையை நீட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதை மனைவியிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமலே, "பஸ்ல போங்க சார்" என்றார்.

சந்தாபுராவுக்குப் பஸ்ஸில் போய் இறங்கினேன். வண்டி எங்கே என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான்: "அதுக்கப்புறமும் பாப்பாவ வண்டியில உக்கார வச்சுத்தானே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" தினமும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஓசூர் ரோட்டில், லாரிகளுக்கு நடுவில். அந்தக் கேள்வி வரும்வரை அந்த எண்ணமே எனக்கு வந்ததில்லை. பயணம் போய்விடுமே என்று பயந்தேனே ஒழிய, என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயப்படவில்லை. மனைவி பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் சத்தம் போடவில்லை. நான் எழுதிய படிவத்தைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்து, என் கையாலேயே திருத்தச் சொன்னார். மற்ற மூன்று பேரிடமும் நானேதான் போய்ச் சொல்ல வேண்டும், தான் சொல்ல மாட்டேன் என்றார். மூன்று வீடுகளுக்கும் போனேன். ஒருவர் கடைசிவரை உட்காரச் சொல்லவில்லை. அதில் தவறில்லை.

கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட்களை ஒருவழியாக எடுத்தேன். வலிப்பு நோயின் ஒரு வகை என்று தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்தார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். கம்பெனி பஸ்ஸில் போய்வந்தேன்.

அக்டோபரில் கிளம்பும் நாளன்று, நான்கு வண்டிகளும் முதலில் ஆஸ்டின் டவுன் சந்துக்குத்தான் போயின. மெக்கானிக் அண்ணனை நாற்காலியில் தூக்கிக்கொண்டுவந்து வாசலில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு வண்டியையும் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். ஒன்றில் மட்டும் செயினைச் சற்றுத் தளர்த்தச் சொன்னார். தலைவர் குனிந்து, கூட்டத்தில் தாங்கள் பேசியதற்கு எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பேசிய அவர் மன்னிப்புக் கேட்டார், பேசாமல் இருந்த நான் சந்தின் முனையில் பழக்கடைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். வண்டிகள் என்னைத் தாண்டித்தான் போயின. இரண்டு பேர் கையசைத்தார்கள்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது, மெக்கானிக் அண்ணனின் மனைவி வந்து கூப்பிட்டார். நாற்காலியை உள்ளே தூக்க ஓர் ஆள் குறைகிறதாம். போய் ஒரு பக்கம் பிடித்தேன். கனமாக இருந்தார். கட்டிலில் உட்கார வைத்துக் காலுக்குத் தலையணை வைத்ததும், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அவர் கால் முழுதாகச் சரியாகவில்லை. லேசாகச் சாய்ந்துதான் நடப்பார், கீழே குத்துக்காலிட்டு வேலை செய்ய முடியாமல் உயரமாக ஒரு மேடை கட்டிக்கொண்டார். பழகினோம் என்றாலும் பழைய மாதிரி இல்லை. பார்த்தால் டீ வாங்கித் தருவார், நலம் விசாரிப்பார். நான் செய்ததைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பேசியதில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இத்தனை வருடத்தில் என்னைத் திட்டியவர்கள் பலர். அவர்கள் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. ஆனால் நான் கால் ஒடிய வைத்த ஒரு மனிதர், என்னை நல்லவன் என்று நம்பிப் படுத்தபடியே கும்பிட்ட அந்தக் கைகள் மட்டும், ஏதாவது ஒரு சின்னப் பொய் நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் இன்றைக்கும் என் முன்னால் வந்து நின்று என்னைத் தடுக்கின்றன.