நூற்றெழுபத்தைந்து ரூபா முகக் கிறீம்

அந்தப் போத்தல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பால் நிறக் கண்ணாடி, பொன் முலாம் பூசிய மூடி. தூக்கினால் கனக்கும். ஆனால் கனம் கிறீமுடையதல்ல. ஒருமுறை அக்கா பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து, முடிந்துபோன போத்தலைச் சந்திக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். வெளியே அச்சிட்டிருந்த கிறீமின் நிறையைப்போல் மூன்று மடங்கு நிறுத்தது வெறும் கண்ணாடி. அடிப்பாகத்தை உட்பக்கமாகக் குழித்து உயர்த்தியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இருப்பதாகத் தெரிவதில் பாதிதான் உள்ளே இருந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "என்ன தம்பி, வெறும் போத்தலையும் விக்கப்போறியளோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் விலை நூற்றெழுபத்தைந்து ரூபா.

இது எழுபதுகளின் கடைசியில், இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு நடந்தது. அதற்கு முந்திய வருடங்களில் பாணுக்கும் மலிவான சீத்தைத் துணிக்கும் வரிசையில் நின்ற சனங்களுக்கு முன்னால், யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகள் திடீரென்று பிறநாட்டுச் சாமான்களால் நிரம்பின. அக்கா மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. சைக்கிளில் போய் வருவாள். சம்பளம் நானூறு ரூபாவுக்குச் சற்று மேலே. நான் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞன். ஐயா வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிறவர். இறைப்பு மெசினுக்கு மண்ணெண்ணெய் வாங்கக் கொடுக்கும் காசையே இரண்டுதரம் எண்ணிக் கொடுப்பார். அப்படிப்பட்ட வீட்டுக்குள், சம்பள நாளில், தன்னுடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே கொடுத்து அக்கா அந்தப் போத்தலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஐயா அதைக் கையில் எடுக்கவே இல்லை. தூர நின்று பார்த்தார்.

"உந்தக் காசுக்கு ஒரு மறியாடு வேண்டலாமடி. ஆடெண்டாலும் பால் தரும்."

"ஆட்டை முகத்திலை பூசேலாது ஐயா" என்றாள் அக்கா.

அம்மா குசினிக்குள் நின்று சிரித்தாள். ஐயா அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அக்காவின் முகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சிறு வயதிலிருந்தே வறண்ட தோல். வாடைக் காற்றுத் தொடங்கினால் நெற்றியும் கன்னங்களும் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு வெடித்து உரியும். அம்மா நல்லெண்ணெய் பூசி விடுவாள். எண்ணெய் முகத்தோடு சைக்கிளில் போனால் வழித் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் "சுண்ணாம்பு ரீச்சர்". அதை அவளே வந்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நான் நேர்மையாக எழுதவேண்டுமென்றால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கிறீம் வேலை செய்தது. இரண்டு கிழமைக்குள் பொருக்கு அடங்கி, முகம் மற்றப் பெண்களின் முகத்தைப்போல ஆகிவிட்டது. அழகி ஆகிவிடவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாதாரண முகம் அவளுக்குக் கிடைத்தது. அதற்கு அந்த விலை.

போத்தல் முடிய அடுத்தது வாங்கினாள். அதுவும் முடிய இன்னொன்று. ஐயா ஆட்டுக் கதையை நிறுத்திவிட்டார். ஏனென்றால் அந்த முகத்தோடு ஒரு சம்பந்தம் வந்தது.

அது மாற்றுச் சம்பந்தம். அவர்கள் வீட்டு மகனுக்கு எங்கள் அக்கா, எனக்கு அவர்களுடைய மகள். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பெண், ஒவ்வொரு ஆண். ஒரு வீட்டுச் சீதனம் மற்ற வீட்டுச் சீதனத்தோடு சரிக்கட்டிப் போகும். ஒரே பந்தலில் இரண்டு தாலி. அக்காவுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. அக்கா இருக்கத் தம்பிக்குப் பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லாதபடியால், என்னுடைய முப்பதும் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்ணை நான் முன்பே பார்த்திருந்தேன். கீரிமலையில், ஆடி அமாவாசையன்று, கேணியிலிருந்து ஏறிய தன் தாயாருடைய கையைப் பிடித்துப் படியில் நடத்திக்கொண்டு வந்தாள். தாய் ஏதோ ஏச, அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாய் காணவில்லை, நான் கண்டேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. ஆனால் சாதகம் பொருந்தியது என்று தரகர் வந்து சொன்ன நாளிலிருந்து, எனக்கு அவள் அந்நியப் பெண்ணாகத் தெரியவில்லை.

தை மாதம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, தாயார், தாய்மாமன். தாயார் வரும் வழியில் கீரிமலைக் கோயிலில் அர்ச்சனை செய்து, திருநீற்றை வாழையிலைத் துண்டில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். விறாந்தையில் கதிரைகள் போட்டிருந்தோம். தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் வந்தன. பேச்சு நன்றாகப் போனது. தாயார் எழுந்து, "நல்ல நேரம் போகமுந்திப் பூசி விடுறன்" என்று சொல்லி முதலில் என் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு அக்காவுக்கு.

என் நெற்றியில் அது வெள்ளையாக நின்றது. அக்காவின் நெற்றியில் நிற்கவில்லை. அவர்கள் வருகிறார்கள் என்று வாசற்படலை திறந்த சத்தம் கேட்ட பிறகு அவள் இன்னொருதரம் கிறீம் பூசியிருந்தாள். உலர்ந்த திருநீறு அந்த ஈரத்தில் பட்டதும் குழைந்து, சாம்பல் நிறச் சேறாகி, புருவத்துக்கு மேலே இழுபட்டது. மூன்று விரல்களின் குறியும் ஒன்றாகிவிட்டது. தாயார் தன் விரல்களைப் பார்த்தார். பெருவிரலால் தேய்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார்.

"பிள்ளை, கோவியாதை. ஒருக்கா முகத்தைக் கழுவிப்போட்டு வா, நாங்கள் பாக்க."

அம்மா ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். ஐயா கண்ணால் அடக்கினார். அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போனாள். துலா ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வெளியே வாடைக் காற்று. அங்கே நிற்க நிற்க முகம் இறுகி, கன்னத்தில் வெள்ளைக் கோடுகள் எழுந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தாயார் அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உது என்ன, தேமலோ?"

"வெயிலிலை காஞ்சது" என்றார் ஐயா. "சைக்கிள் ஓடுற பிள்ளையெல்லோ."

"நான் பிழை ஒண்டும் சொல்லேல்லை. ஆனா எங்கடை பெட்டை உங்கடை வீட்டை வரேக்குள்ளை கழுவின முகத்தோடைதான் வருவாள். மாத்துச் சம்பந்தம் எண்டால் சரிக்குச் சரியா இருக்கவேணும். இப்ப சரியில்லையே."

மாப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன்தான் கணக்கைச் சொன்னார். கிணற்றோடு சேர்ந்த நாலு பரப்புத் தோட்டக் காணியை அக்காவின் பெயரில் எழுதினால் சரியாகிவிடும். அந்தக் காணியில்தான் ஐயாவின் வெங்காயம் விளைந்தது. மறியாட்டுக்குக் கணக்குப் பார்த்த ஐயா ஒரு மூச்சுக்கூட விடாமல், "ஓம், எழுதித் தாறன்" என்றார். என் நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது. இரண்டு கலியாணமும் நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது அக்கா கதைத்தாள்.

"அந்த நாலு பரப்பு விலைக்கு எத்தினை போத்தல் கிறீம் வேண்டலாம் எண்டு கணக்குப் பாத்தனீங்களோ ஐயா?"

"பெரியாக்கள் கதைக்கேக்கை வாயைப் பொத்தடி!" என்றார் ஐயா.

தாயார் சிரித்தார். "மினுக்கி எண்டு பாத்தன், கணக்கும் வரும்போலை. ரீச்சர் பள்ளிக்கூடத்திலை கணக்கோ படிப்பிக்கிறா?"

"ஓம் மாமி. கழித்தல்தான் படிப்பிக்கிறன். இந்தச் சம்பந்தத்தையும் கழிச்சு விடுங்கோ."

அவர்கள் பணியாரத்தை முடிக்காமல் எழுந்து போனார்கள். ஐயா பிறகு அக்காவோடு நேராகக் கதைத்ததே இல்லை. சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்லுவார், அக்கா பக்கத்தில் நின்றாலும். வருடம் திரும்புமுன் அந்தப் பெண்ணைச் சாவகச்சேரியில் கட்டிக் கொடுத்தார்கள். எங்களுக்கு அழைப்பு வரவில்லை. "முகப்பூச்சுக்காரி" என்ற கதை ஊரில் நடந்ததால் அக்காவுக்கு வேறு சம்பந்தம் எதுவும் படலைவரை வரவில்லை. அவளுக்கு நடக்காதபடியால் எனக்கும் நடக்கவில்லை. பிறகு வயது போய்விட்டது. ஐயாவும் அம்மாவும் போனபின் நாங்கள் இரண்டுபேரும் அந்த வீட்டில் இருந்தோம். காலையில் அவள் அறைக்குள் அந்த மூடியைத் திருகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அதற்காக நான் வருத்தப்படுவதில்லை. ஒரு மனிதனுடைய வாழ்க்கை நெற்றியில் சேறாக வழிந்து போனால் அவனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

இன்றைக்கும் பட்டினத்துக் கடைகளில் அதே மாதிரிப் போத்தல்கள் இருக்கின்றன. கண்ணாடி இன்னும் தடித்திருக்கிறது, குழி இன்னும் உயர்ந்திருக்கிறது. விலை என் ஓய்வூதியத்தில் பாதி. பெட்டைகள் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, வைக்க மனமில்லாமல் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்லுவேன். உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் மெழுகும் வாசனையும்தான் என்று எனக்குத் தெரிந்த ஒரு டாக்குத்தர் அந்த நாளிலேயே சொல்லியிருக்கிறார். அக்காவின் தோலுக்கு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுக்கிற வெள்ளைக் களிம்பே போதும் என்றும் அவர்தான் சொன்னார்.

அதைக் கேட்ட அன்றைக்குப் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எண்பதுகளின் தொடக்கம். பள்ளிக்கூட விடுமுறை. அக்கா முற்றத்தில் சாக்கை விரித்து உழுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருட வழக்கில் எனக்குத் தீர்ப்புக் கிடைத்துவிட்டதுபோல இருந்தது.

"உன்ரை முகத்துக்கு ஆஸ்பத்திரிக் களிம்பு காணுமாம். சும்மா குடுத்திருப்பினமாம். நீ வருசக்கணக்கா அறாவிலை குடுத்திருக்கிறாய்."

அவள் உழுந்தைக் கையால் பரவியபடி, "தெரியும்" என்றாள்.

"தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ வேண்டினனி?"

"ஆருக்குத் தெரியாது? அந்தக் களிம்பு எடுக்க எந்த வரிசையிலை நிக்கவேணும் எண்டு உனக்குத் தெரியுமோ? தோல் வருத்தக்காரற்றை வரிசை. ஒருநாள் நிண்டால் காணும், நான் வீடு வந்து சேரமுந்திக் கதை வந்து சேந்திடும். களிம்பு பூசினால் வருத்தக்காரி. கிறீம் பூசினால் மினுக்கி. மினுக்கியை ஆரெண்டாலும் கட்டுவினம் எண்டு நினைச்சன். ரெண்டுக்கும் இடையிலைதான் தம்பி உன்ரை நூற்றெழுபத்தைந்து ரூபா."

"வருத்தமோ அது? சும்மா பொருக்குத்தானே."

"எரியும்" என்றாள். "உரியிற இடமெல்லாம் எரியும். சைக்கிளிலை காத்துப் படப்பட எரியும். கிறீம் பூசினால் எரியாது."

இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை நான் அவளுடைய வாயிலிருந்து கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அப்ப அண்டைக்கு, சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வந்து நிக்கேக்கை?"

அவள் உழுந்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வேலிப் பக்கமாக எறிந்தாள்.

"ஐயா நாலு பரப்பு எழுதித் தாறன் எண்டு சொல்லுமட்டும் எரிஞ்சது. பிறகு தெரியேல்லை."