மண் அணைத்த ஐரிஸ்கள்

1977 பெப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானம் வெளித்திருந்தது, காற்றில்லை, வெப்பம் இருபத்துநான்கு பாகை. மெல்பேர்ணில், மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பூப்பாத்தியில் வாளியுடன் நின்ற எனக்கு அழுகல் நாற்றம் அடித்தது. ஓர் ஐரிஸ் செடியைத் தொட்டேன். விசிறிபோல் விரிந்த இலைகள் முழுவதும் கையோடு கழன்று வந்தன.

பாத்தி டோரதியுடையது. எழுபது வயது விதவை. இத்தெருவின் பதினெட்டு வீடுகளில் எங்களோடு பேசுகிற ஒரே ஆள். அந்த ஐரிஸ், இறந்துபோன அவருடைய கணவர் ஜாக் மகரந்தம் மாற்றித் தாமே உருவாக்கியது. தேநீர் நிற இதழ், நடுவில் தாடிபோல் நீல மயிர்வரி. வேறெங்கும் கிடையாது. அடிலெயிட்டிலுள்ள தங்கையிடம் மூன்று வாரம் போகுமுன், "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்றார். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்களிடம் தேத்தண்ணி வேண்டாம் என்பவருக்கும் தேத்தண்ணி வரும். அவர் சொன்னதையும் மரியாதைப் பேச்சென்றே எடுத்துக்கொண்டேன்.

கிழங்குகள் இருபத்தேழு, பார்வைக்கு இஞ்சி. முதுகு மண்ணுக்கு வெளியே தெரிய வெயிலில் கிடந்தன. யாழ்ப்பாணத்தில் அப்படி விட்டால் தோட்டக்காரனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இருபத்தேழுக்கும் மண் அணைத்தேன். காலை இரண்டு வாளி, மாலை இரண்டு. பதினான்கு நாளில் ஐம்பத்தாறு வாளி. இப்போது கிண்டிப் பார்த்தால் எட்டுத்தான் இறுக்கமாக இருந்தன. மற்றப் பத்தொன்பதும் கூழ்.

மருமகள் வாசுகி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் மாமா பதறுறியள்? நேர்சரியிலை பத்தொன்பது வாங்கி நடுங்கோ. இலை எல்லாம் ஒண்டுதானே. பூக்க ஒக்டோபர் ஆகும். அதுக்கிடையிலை நீங்கள் ஊருக்குப் போயிடுவியள்."

"பொய்யெல்லோ பிள்ளை?"

"வாயைத் திறந்தால்தானே மாமா பொய்!"

வாங்கினேன். நேர்சரிக்காரர் என் கையிலிருந்த அழுகலைப் பார்த்துவிட்டு, "தண்ணீர் ஊற்றினீர்களா? இதன் முதுகில் வெயில் படவேண்டும்" என்றார். ஒட்டுப்போட்ட துணிபோல் தெரியக் கூடாதென்று பழையதையும் புதியதையும் நன்றாகக் கலந்து நட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டோரதி வந்தார். பெட்டியைக் கீழே வைக்காமலே பாத்தியைப் பார்த்தார். "இவ்வளவு நேராக ஜாக்கூட நட்டதில்லை" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான்கு நாள் வேலிக்கரையில் அவர் குரல் கேட்டால் உள்ளே போனேன். ஐந்தாம் நாள் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "எந்த எட்டு?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வாளியைக்கூட எண்ணிய நான் அந்த எட்டுக்கும் ஒரு குச்சி நடவில்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு வேலியால் எட்டிப் பார்க்கவே இல்லை.

ஏப்ரலில் நான் ஊருக்குத் திரும்ப வேண்டியவன். பூக்கும்வரை போக மனம் வரவில்லை. டிக்கெட்டை நவம்பருக்கு மாற்றினேன். மனைவி எழுதினாள்: "இஞ்சை மாரிக்கு முன்னம் வேலி அடைக்க ஆளில்லை. அங்கை நீங்கள் வெள்ளைக்காரியின்ரை பூவுக்குக் காவல். உங்கடை வயசுக்கு இது தேவையோ?"

ஒக்டோபரில் பதினொன்று பூத்தன. எட்டு வெறும் மஞ்சள், நேர்சரியில் வாங்கியவை. மூன்று தேநீர் நிறம். அன்று டோரதி கதவைத் திறந்து வந்தார். அந்த மூன்றுக்கும் சிவப்புக் கம்பளி நூல் கட்டினார். "மஞ்சளை உங்கள் பக்கம் கொண்டுபோங்கள். ஜாக்கின் மிச்சம் ஐந்தும் அடுத்த வருடம்தான் தெரியும்" என்றார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

டிக்கெட்டை மறுபடியும் மாற்றினேன். மனைவியிடமிருந்து இன்னும் பதிலில்லை. யாழ்ப்பாண விலாசம் ஒட்டிய பெட்டி அலுமாரிக்கு மேலே பூட்டியபடி இருக்கிறது. நான் காலையில் வேலிக்கரையில் நின்று, ஜாக்கின் ஐந்து எவை என்று தெரியாத பதினாறு செடிகளையும் எண்ணுகிறேன். கிழங்குக்குப் பதினான்கு டொலர் இருபத்தைந்து சதம், இருமுறை பயணத் தேதி மாற்றியதற்கு எண்பது டொலர். மொத்தம் தொண்ணூற்று நான்கு டொலர் இருபத்தைந்து சதம்.