மதினியின் மிஸ்டு கால்

குழந்தை பிறந்த பிறகு நான் மறுபடி வேலைக்குப் போன வாரம், துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் எடை மேடைக்கு நிரல் எழுதும் வேலை என் கைக்கு வந்தது. லாரி மேடையில் ஏறியதும் அதன் எடையும் படங்களும் கணினியில் பதிவாகும். அந்தப் பதிவு ஹார்டு டிஸ்கில் உறுதியாக இறங்கும்வரை பழைய நிரல் வேறு எதையும் செய்யாது. அந்த டிஸ்க் பழையது. திரை உறைந்து நிற்க, பின்னால் வரிசையில் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். டிஸ்கிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு அடுத்த லாரியைக் கவனிக்கும்படி நிரலை மாற்றச் சொன்னார்கள்.

மாற்றினேன். "இதை டிஸ்கில் இறக்கு" என்று நிரல் கேட்கும், கணினி உடனே சரி என்னும், எடைச்சீட்டு அச்சாகும், லாரி போய்விடும். சோதனையில் எல்லாம் பறந்தது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஆனால் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள் நான். என் சந்தேகத்தை நானே எவ்வளவு தூரம் மதிப்பது?

குழந்தையைத் திரேஸ்புரத்தில் என் கணவரின் அக்காவிடம் விட்டிருந்தேன். பாட்டில் என்றாலே முகத்தைத் திருப்புகிற பிள்ளை. "பால் குடுத்திருங்க மதினி" என்பேன். "சரிளா" என்பார். அந்தச் சரி எனக்குப் போதாது. அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் போடுவேன். ஒருநாள் மதினி பொறுமை இழந்துவிட்டார்.

"ஏளா, உன் போனை எடுக்கவா, உன் பிள்ளைக்குப் பால் குடுக்கவா? பெல் அடிச்சாலே பாட்டிலைத் தட்டி விடுதான்."

"குடிச்சானான்னு தெரியாம இங்க வேலையே ஓட மாட்டேங்கு, மதினி."

"சரின்னு சொன்னா நீ சொன்னது காதுல விழுந்துட்டுன்னு அர்த்தம். குடிச்சு முடிச்சதும் நானே ஒரு மிஸ்டு கால் குடுக்கேன். அது வரலன்னா இன்னும் குடிக்கலன்னு வச்சுக்க. அதுவரைக்கும் உன் கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழு."

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என் நிரலுக்குக் கிடைத்த சரியும் காதில் விழுந்த சரிதான். எடை இன்னும் மெமரியில்தான் இருக்கிறது. அந்த நேரம் கரண்ட் போனால், கணினியில் இல்லாத ஓர் எடைக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு டிரைவர் துறைமுக வாசலில் போய் நிற்பார். அடுத்த லாரி காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சீட்டு காத்திருக்க வேண்டும். எழுதி முடித்த டிஸ்க் தன் மிஸ்டு காலைக் கொடுத்து, அதில் பிழை இல்லை என்று நிரலும் பார்த்த பிறகே சீட்டு அச்சாகும்படி திருத்தினேன்.

"போன வாரம் சோதனையில இதைவிட வேகமா இருந்துச்சே" என்றார் யார்டு மேலாளர். வேண்டாத வேலை செய்துவிட்டேனோ என்று அன்று முழுக்க அரித்தது.

நிரல் ஓடத் தொடங்கிய அன்று எடை மேடை அறையில் நானும் இருந்தேன். உச்சி வெயிலில் கரண்ட் போனது. யுபிஎஸ் கொஞ்சம் கூவிவிட்டு அதுவும் அடங்கியது. மேடையை விட்டு அப்போதுதான் இறங்கிய லாரியின் டிரைவர், ஆத்தூர்க்காரர், ஜன்னலில் கையை நீட்டினார்.

"எம்மா, சீட்டு?"

"வரல அண்ணாச்சி. உங்க எடை பதிவாகலன்னு நினைக்கேன்."

"போர்டுல நம்பர் தெரிஞ்சுதே. நினைக்கியளா? நல்லா நினைச்சிய போங்க."

கப்பல் அவருக்காகக் காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். கரண்ட் வந்ததும் சரிபார்த்தேன். சீட்டு வாங்கிப் போன லாரிகளின் எடை ஒன்று விடாமல் இருந்தது. அவருடையது மட்டும் இல்லை.

கத்துவார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இல்லாததுக்குச் சீட்டைத் தந்து அனுப்பாம விட்டியளே. இன்னொருக்கா ஏறுனா வண்டி மெலிஞ்சிரவா போவுது?"

பின்னால் நின்றவர்களை ஒதுங்கச் சொல்லி, அந்த நீள லாரியை ரிவர்ஸில் மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த மனிதருக்கு நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. சக்கரங்கள் மேடையில் ஏறும்போது என் போன் ஒரு முறை அடித்து நின்றது. மதினி.

திரும்பக் கூப்பிடவில்லை. அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஒரு மூச்சு நேரம் கழித்து, சீட்டு வந்தது.